குனிந்து வரவேண்டிய வீடு

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நம்பவைக்க நான் யார் காலையும் பிடிக்கப்போவதில்லை.

பேய் என்றால் உங்களுக்கு அமாவாசை வேண்டும். நாய் ஊளையிட வேண்டும். மல்லிகைப்பூ மணக்க வேண்டும், வெள்ளைப் புடவை வேண்டும். என்னிடம் அதெல்லாம் கிடையாது. எனக்கு நடந்தது போன சித்திரைக் கடைசியில், கத்திரி வெயிலில், பகல் ஒரு மணிக்கு. காக்கை கூடப் பறக்காத வெளிச்சம். என் போனில் இரண்டு படங்கள் இருக்கின்றன. அனுப்பச் சொல்லி மெசேஜ் போடாதீர்கள். அனுப்பமாட்டேன்.

என் பெயர் தேவயானி. ஆர்க்கிடெக்ட். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குள் கால் வைத்த முதல் ஆள். அப்பா ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவர். ஊருக்கெல்லாம் சிமெண்ட் ஏற்றி அனுப்பியவரின் வீட்டுக்கு, நான் பத்தாவது படிக்கும்வரை கூரைதான். அதனால் கூரை வீட்டைப் பற்றி எனக்கு எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. மழை வந்தால் எந்த மூலையில் குண்டான் வைப்பது, எந்த மூலையில் சொம்பு வைப்பது என்று எங்களுக்கு மனப்பாடம். மேலேயிருந்து தேள் விழும். அடுத்த தெருவில் எவனாவது பீடியை அணைக்காமல் எறிந்தால் எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் பாடப்புத்தகம் ஒவ்வொன்றிலும் புகை நாற்றம். தளம் போட்ட வீட்டுக்குப் போன அன்று அம்மா தரையில் மல்லாந்து படுத்து, மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். சோறு கூட ஆக்கவில்லை.

இவ்வளவையும் சொல்ல வேண்டியதாயிற்று, கலைச்செல்வனால்.

கலைச்செல்வன் சென்னையில் மாடுலர் கிச்சன் செய்து விற்றுக் காசு பார்த்த ஆள். ஐம்பது வயது. கையால் நெய்த சட்டை, கழுத்தில் ருத்திராட்சம், நாலு வார்த்தைக்கு ஒரு 'மரபு'. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பை வாங்கினார். தோப்புக்குள் பாழடைந்த கூரை வீடு ஒன்று கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் இடித்துத் தள்ளியிருப்பார்கள். இவருக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டதாம். வாழ்நாளில் ஒரு ராத்திரி கூட ஒழுகுகிற கூரைக்குக் கீழே படுக்காதவர்களுக்குத்தான் இப்படிக் கலங்கும்.

நகரத்து ஆட்கள் வந்து தங்கும் 'பாரம்பரியக் குடில்' ஆக்கப்போகிறார். நான் வேலை பார்க்கும் திருச்சி ஆபீசுக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. வீட்டை அளந்து வரைபடம் போட வேண்டும். அதன் வரலாற்றை ஒரு பக்கம் எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். படித்த ஆர்க்கிடெக்ட் சொன்னது என்று அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டுவார்.

வம்பு அந்தக் கையெழுத்தில்தான் ஆரம்பித்தது.

"இது சோழர் படைத்தளபதி ஓய்வெடுத்த குடில் தேவயானி. அப்படி எழுதிடும்மா."

"ஆயிரம் வருசத்துக் கூரையா சார்?"

"ஏன், கோயில் நிக்கலையா?"

"கோயிலு கருங்கல்லு சார். இது பனையோல."

"சரி விடு. முந்நூறு வருசம்னு வெச்சுக்குவோம்."

கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிற மாதிரி எழுநூறு வருடத்தை அங்கேயே தள்ளுபடி செய்தார்.

வீடு சொன்ன வரலாறு வேறு. நான் அதைத் தொட்டுப் பார்த்தே படித்தேன். ஒரே அறை. நாலு பக்கமும் செம்மண் சுவர். மண்ணைக் குழைத்து, காலால் மிதித்து, உருண்டை பிடித்து, ஒரு முழ உயரம் வைத்துக் காயவிட்டு, அது இறுகிய பிறகு அதன்மேல் அடுத்த முழம் என்று எழுப்பிய சுவர். எத்தனை முழம் என்று வரி வரியாகத் தெரிந்தது. முகட்டில் ஒரே பனையைப் பிளந்து போட்ட மரம். அதிலிருந்து இறங்கும் கைமரங்களில் பாதி சவுக்கு, பாதி மூங்கில். கூரையில் மேலே தென்னங்கீற்று, அதற்குக் கீழே பனையோலை, அதற்கும் கீழே கரும்புச் சோகை. எந்த வருடம் எது ஓசியில் கிடைத்ததோ அதைப் போட்டு மேய்ந்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது.

சுவர் உதிர்ந்த ஓரிடத்தில் நீலமாக ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். யூரியா சாக்கு நூல். மண் வெடிக்காமல் இருக்க வைக்கோலோடு சாக்கையும் பிய்த்துப் போட்டு மிதித்திருக்கிறார்கள்.

"தளபதி வயலுக்கு யூரியா போட்டாரா சார்?"

அந்த ஆளுக்கு வெட்கமே வரவில்லை. "அது பின்னாடி ரிப்பேர் பண்ணினது" என்றார்.

என் கணக்கில் அது முப்பது வருட வீடு. கூலிக்காரர் யாரோ கட்டியது.

வாசல் என் தோள் உயரம்தான் இருக்கும். மண் சுவர் மழையில் கரையாமல் இருக்கக் கூரையைத் தாழ இறக்குவார்கள். கூரை தாழ்ந்தால் வாசலும் தாழும். அவ்வளவுதான் விஷயம். கலைச்செல்வன் போன் கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "இது பணிவைக் கற்றுத்தரும் வாசல்." பணிவு எங்களுக்கு வேறு பல வழிகளில் கற்றுத்தரப்பட்டிருக்கிறது, அதற்கு வாசல் தேவைப்படவில்லை. சொன்னவர் திரும்பி உள்ளே நுழைந்தார், நெற்றியில் இடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் இடித்துக்கொண்டார். அந்த மனிதருக்குக் குனியவே வரவில்லை. இத்தனைக்கும் அந்த வாசலுக்குக் காரைக்குடியில் தேக்குக் கதவு ஒன்று வாங்கி, அந்த அரண்மனைக் கதவைக் குள்ளமாக அறுத்து மாட்டியிருந்தார். தொங்கவிட்டது கோணல். விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தோம்.

பின்சுவரில்தான் அது இருந்தது.

தரையோடு ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு, ஒரு ஆள் கைகளை விரித்தால் எவ்வளவு அகலமோ அதில் பாதி. அந்த இடத்தில் மட்டும் மண் வேறு. சுவர் முழுக்கச் செம்மண். அது மட்டும் சாம்பல் நிற ஏரிக் களிமண். ஒரு காலத்தில் உடைத்துப் பின்னால் அடைத்த ஓட்டை. உட்பக்கம் வழவழவென்று பூசியிருந்தது. வெறுங்கையால் பூசிய பூச்சு. விரல் தடங்கள் வளைவு வளைவாக அப்படியே இருந்தன. கையை வைத்து இழுத்தால் நான்கு விரல் தடம் விழும். இங்கே எல்லாம் மும்மூன்றாக விழுந்திருந்தது. பூசியவர் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு பூசியிருப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் டேப்பை வைத்து ஒரு படம் எடுத்தேன்.

முதல் படம் அது.

"ஆஹா" என்றார் கலைச்செல்வன். "இங்க ஒரு கண்ணாடி. படுத்துக்கிட்டே முந்திரித் தோப்பைப் பார்க்கலாம். உடைச்சிடலாம்."

"அது சன்னல் இல்ல சார். அதத் தொறக்காதீங்க."

குரல் வாசலுக்கு வெளியேயிருந்து வந்தது. வெற்றிச்செல்வி அக்கா. தோப்பைக் கூட்டவும் செடிகளுக்குத் தண்ணீர் விடவும் கலைச்செல்வன் வைத்திருந்த ஆள். நாற்பது வயது இருக்கும். வாசல் வரைக்கும் கூட்டுவார். உள்ளே வந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே நிழலாக இருக்கிறது வாங்கக்கா என்று நானே கூப்பிட்டிருக்கிறேன். "வேணாம் பாப்பா, நீ பாரு" என்று வெயிலிலேயே நிற்பார்.

"சன்னல் இல்லாம?" என்றார் கலைச்செல்வன்.

"அடப்புல பொணம் எடுத்த வழிங்க."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் அதை அடைப்பு என்பார்கள். அந்தப் பிணத்தை வாசல் வழியாக எடுக்கமாட்டார்கள். வாசல் வழி போனால் வாசல் வழியாகவே திரும்பி வந்து இன்னோர் ஆளைக் கூட்டிக்கொண்டு போகும் என்று பயம். அதனால் சுவரை உடைத்து எடுப்பார்கள். எடுத்த கையோடு அந்த ஓட்டையை அடைத்துவிடுவார்கள், வழி தெரியக் கூடாதென்று. வீட்டையும் மாதக் கணக்கில் பூட்டி வைப்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. செத்துப்போனவரை எப்படியெல்லாம் வெளியே தள்ளலாம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"அடச்ச வழியத் தொறந்தா வரவேண்டாதது வந்துரும் சார். வந்தா சும்மா போவாதும்பாங்க." அக்கா இரண்டு கையையும் கூப்பினார். "உங்களுக்குச் சன்னலுதான வேணும்? வேற எடத்துல வெச்சுக்கங்க. கும்புட்டுக் கேக்குறேன்."

கலைச்செல்வனின் முகம் மலர்ந்தது. பயந்து அல்ல.

"தேவயானி, எழுதிக்கோ. எதிரிகள் சூழ்ந்தப்போ தளபதி தப்பிச்சுப்போன ரகசிய வழி!"

ஒரு பிணம் போன ஓட்டை வழியாகத் தளபதியை ஓடவிட்டார் அந்த மனிதர்.

கொத்தனார் சிங்காரவேலு கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டார். "நம்மால ஆவாது சார். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயேவிட்டார்.

கடைசியில் கலைச்செல்வனே உடைத்தார். நான் போனில் வீடியோ எடுக்க வேண்டுமாம். எடுத்தேன். கடப்பாரை விழுந்த இடத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. விரல் தடம் பதிந்த துண்டுகளை அவர் ஷூ காலால் நொறுக்கிக்கொண்டே நின்றார். வெளியே வந்து பார்த்தபோது வெற்றிச்செல்வி அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல்.

மறுநாள் கலைச்செல்வன் கண்ணாடிக்கு அளவு கொடுக்க ஜெயங்கொண்டம் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் தளபதி கதை என் கையெழுத்தோடு வேண்டும் என்று உத்தரவு. போடாவிட்டால் ஆபீசுக்குப் போன் செய்து வேறு ஆளை அனுப்பச் சொல்வாராம். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அளவெடுக்கும் வேலையை முதலில் முடிப்போம் என்று உள்ளே போனேன்.

மணி ஒன்று.

வெற்றிச்செல்வி அக்கா தூரத்தில் முந்திரி மரத்தடியில் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். நான் கதவுக்குச் செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். நன்றாக நினைவிருக்கிறது. காலால் தள்ளி இறுக்கி வைத்தேன்.

வெளியே அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கூரை வீட்டுக்குள் கொஞ்ச நேரம் கண் தெரியாது. இருட்டு பழக வேண்டும். நின்றேன். முன் வாசலிலிருந்து ஒரு பட்டை வெளிச்சம் தரையில். பின்சுவரில் உடைத்த ஓட்டை, வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் கறுப்பு.

என் கையில் லேசர் மீட்டர். சின்னக் கருவி. இந்தச் சுவரில் வைத்து அமுக்கினால் எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். தூரம் எவ்வளவு என்று திரையில் காட்டும். முன்சுவரில் முதுகைச் சாய்த்து, பின்சுவரைப் பார்த்து அமுக்கினேன்.

பதினாறு அடி நாலு அங்குலம்.

முதல் நாள் டேப்பில் எடுத்த அதே அளவு. சரி. இன்னொரு முறை அமுக்கினேன்.

பதினொரு அடி.

கை ஆடியிருக்கும். சுவரோடு அழுத்திப் பிடித்து மறுபடி அமுக்கினேன்.

ஒன்பது அடி இரண்டு அங்குலம்.

பேட்டரி போய்விட்டது என்று நினைத்தேன். கருவியைக் கலைச்செல்வன் தலையில் கட்ட வேண்டும் என்று கூட நினைத்தேன். பிறகுதான் சிவப்புப் புள்ளியைத் தேடினேன்.

பின்சுவரில் இல்லை.

அறை நடுவில் இருந்தது. இடுப்பு உயரத்தில். காற்றில்.

ஒரு புள்ளி விழ வேண்டுமென்றால் அது விழ ஏதாவது ஒன்று வேண்டும். அங்கே எதுவும் இல்லை. புள்ளி மட்டும் நின்றது. நன்றாகப் பார்த்தேன். அது அசைந்தது... மெதுவாக முன்னால்... மெதுவாகப் பின்னால்...

மூச்சு விடுகிற ஒருவர் வயிற்றில் விழுந்த மாதிரி.

"அக்கா" என்று கூப்பிட்டேன். மரத்தடி வரை எட்டியிருக்காது.

டப்.

கதவு சாத்திக்கொண்டது. செங்கல் நகர்கிற சத்தம் கூடக் கேட்கவில்லை.

இப்போது ஒரே வெளிச்சம்தான். பின்சுவர் ஓட்டை.

கட்டைவிரல் தானாக அமுக்கியது. திரை பச்சையாக மின்னியது.

பதின்மூன்று அடி.

அது இப்போது என் பக்கம் வரவில்லை. தள்ளிப்போகிறது. ஓட்டையின் பக்கம்.

அப்போது வாசம் அடித்தது. ஈர மண். உமி கலந்து ஊறவைத்த களிமண். அக்கம்பக்கத்து ஏரியெல்லாம் பாளம் வெடித்துக் கிடந்த மாதம் அது.

சத்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். பிசைந்த மண்ணை உள்ளங்கையில் எடுத்துச் சுவரில் அடிக்கிற சத்தம்.

சத்... சத்...

பிறகு இழுக்கிற சத்தம். சர்ர்ர்...

வெளிச்சம் கீழேயிருந்து குறைந்தது.

ஒரு கை அளவு.

இன்னொரு கை அளவு.

யாரும் இல்லை. ஓட்டையின் முன்னால் யாருமே இல்லை. வெளிச்சம் மட்டும் கீழேயிருந்து மூடிக்கொண்டே வந்தது. அவசரமே இல்லாமல். நான் ஒருத்தி அங்கே நிற்பதைச் சட்டை செய்யாமல்.

சத்... சர்ர்ர்...

ஒரு சாண்.

சத்...

ஒரு கோடு.

சர்ர்ர்...

இருட்டு.

ஓடினேன். வாசல் எந்தப் பக்கம் என்று காலுக்குத் தெரிந்திருந்தது. கதவைக் கையால் அறைந்து தள்ளினேன். திறந்தது. பாய்ந்தேன்...

காதுக்குப் பக்கத்தில், ஈர மூச்சோடு, ஒரு பொம்பளைக் குரல்.

"குனி."

குனிந்தேன்.

நிலைப்படியின் மேல் மரம் என் தலைமுடியை உரசிக்கொண்டு போனது.

வெயிலில் போய் விழுந்தேன். வெற்றிச்செல்வி அக்கா எச்சில் கையோடு ஓடிவந்தார். "என்னாச்சு பாப்பா? என்னாடி ஆச்சு?" சுற்றிப் பின்பக்கம் கையைக் காட்டினேன். இருவரும் போனோம்.

ஓட்டை இல்லை.

சாம்பல் நிறக் களிமண். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் கரடுமுரடாக, உருண்டை உருண்டையாகப் பிதுங்கி நின்றது. பூச்சு கிடையாது. கட்டடம் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு ஓட்டையை வெளியேயிருந்து அடைத்தால் வெளிப்பக்கம் அப்படி இருக்காது. இது உள்ளேயிருந்து அடைத்தது.

முன்பக்கம் வந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளவில்லை. திறந்தபடியே நின்றது. நான் உள்ளே போகவில்லை. வாசலில் குந்தி, கையை மட்டும் உள்ளே நீட்டி, பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தேன். இரண்டாவது படம் அதுதான். என்ன விழுந்திருக்கிறது என்று அப்போது பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

நாலரை மணிக்குக் கலைச்செல்வன் வந்தார். சுவரைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"எந்த ஊர்க்காரன் வேலை இது? யாரு அடைச்சது?"

"யாரும் வரல சார்" என்றேன்.

"அப்ப நீங்க ரெண்டு பேருமா? என்ன, சேர்ந்து நாடகமா?"

"உள்ள போவாதீங்க சார்" என்றார் அக்கா.

"போம்மா அந்தப் பக்கம். பேயாம் பேய்."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். நெற்றியில் இடித்துக்கொண்டார், வழக்கம்போல. உள்ளே திட்டுகிற சத்தம் கேட்டது. கடப்பாரை ஒரே ஒரு முறை விழுந்தது. பிறகு அமைதி. பிறகு...

சத்... சத்...

நானும் அக்காவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அக்காவுக்கும் கேட்டது. அவர் விரல்கள் என் கையில் பதிந்தன.

கலைச்செல்வன் கத்தவில்லை. ஓடிவருகிற காலடிச் சத்தம் மட்டும் வந்தது. நல்ல வேகம். வாசலில் அவருடைய முகம் ஒரு நொடி தெரிந்தது.

அவருக்கு யாரும் 'குனி' என்று சொல்லவில்லை.

அந்தச் சத்தத்தை எழுத எனக்கு எழுத்து தெரியவில்லை. நிலைப்படிக்கு வெளியே மல்லாந்து விழுந்தார். அவருடைய டிரைவர் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். ஆள் பிழைத்துவிட்டார். நெற்றி நெடுகத் தையல். உள்ளே என்ன பார்த்தார் என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்களாம். இன்றுவரை வாயைத் திறக்கவில்லையாம். சென்னைக்குப் போய்விட்டார். தோப்பை விற்கச் சொல்லிவிட்டார். டிரைவர் எனக்குச் சொன்னது இன்னொன்றும் உண்டு. தன்னுடைய பிளாட்டில், ஏழடி உயர வாசலில் கூட, இப்போது அவர் குனிந்துதான் நுழைகிறாராம்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். வெயில் தலைக்கேறியது, பிரமை, ஊர்க்காரர்கள் யாரோ விளையாடினார்கள் என்று ஏதாவது சொல்லி நானே என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

பத்து நாள் கழித்து உடையார்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வெற்றிச்செல்வி அக்காவைப் பார்த்தேன். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அன்று ஏன் அழுதீர்கள் என்று கேட்டேன்.

"அது எங்கம்மா கட்டுன வூடு பாப்பா" என்றார். "எங்கம்மா பேரு பொன்னாயி. எங்கப்பா எனக்கு மூணு வயசுலயே போயிட்டாரு. பொறம்போக்கு ஓரமா கெடந்த எடத்துல ஒண்டியா மண்ணு மிதிச்சு, ஒண்டியா செவுரு வெச்சாங்க. பகல்ல கூலிக்குப் போயிட்டு, பொழுதுபோனா ஒரு வரிச் செவுரு. கூரைக்கு மட்டுந்தான் ஆளு வெச்சது. எங்க பெரியப்பாவுக்கு அந்த எடத்து மேல ஒரு கண்ணு. வெளிய போ, வெளிய போன்னு சண்ட. என்னைய இந்த வூட்ட விட்டு எவனும் வெளியேத்த முடியாதுடான்னு எங்கம்மா வாசல்ல நின்னு சொல்லுவாங்க."

"அப்புறம்?"

"செத்துட்டாங்க. பதினாலு வருசமாச்சு. அடப்புன்னு சொன்னதே பெரியப்பாதான். பஞ்சாங்கத்த வேற யாரும் பாக்கல. செவுர ஒடச்சு எடுத்தாங்க. ஆறு மாசத்துக்குப் பூட்டணும்னு சொல்லிச் சாவிய அவரு வாங்கிக்கிட்டாரு. அதோட சரி. பொறவு ஆளாளுக்குக் கைமாத்தி வித்துட்டாங்க."

ஒரு மனுஷியை அவள் வாழ்ந்தபோது வெளியேற்ற முடியவில்லை. அதனால் செத்த பிறகு சாஸ்திரத்தைக் கூட்டி வந்து வெளியேற்றியிருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களைப் பேய் பிடிக்காதா என்றுதான் நான் யோசித்தேன்.

"அந்த ஓட்டைய அன்னிக்கு யாருக்கா அடச்சது?"

"பெரியப்பா மவனுங்கதான். ஏரியில களிமண்ணு அள்ளிட்டு வந்து, வெளிய நின்னு அடச்சாங்க."

"உள்பக்கம் பூசுனது யாரு?"

அக்கா டீ கிளாஸை இறக்கினார்.

"உள்பக்கமா? யாரும் உள்ள போவலியே. பொணத்த எடுத்ததும் மொதல்ல வாசலப் பூட்டிட்டுத்தான் ஓட்டைய அடச்சது. நானே நின்னு பாத்தேன். பூட்டுன வூட்டுக்குள்ள யாரு போயிப் பூசுவா?"

போனை எடுத்து முதல் படத்தைத் திறந்தேன். உடைப்பதற்கு முன் எடுத்தது. வழவழப்பான உட்பூச்சு. மும்மூன்றாக விரல் தடம்.

அக்கா படத்தைப் பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். அந்தத் தடத்தின் மேல் தன் விரலை வைத்தார். நெடுநேரம் எடுக்கவே இல்லை.

"எங்கம்மாவுக்குச் சுண்டுவெரலு கெடயாது பாப்பா" என்றார். "பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் அடிக்கப் போனப்ப மெஷின்ல போயிருச்சு. வலது கையி."

இரண்டாவது படத்தை அப்போதுதான் முதன்முறையாகத் திறந்தேன். ஈரக் களிமண். புதுப் பூச்சு.

மும்மூன்றாக விரல் தடம்.

ஊர் அந்த அம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, அந்த அம்மா உள்ளேயிருந்து சுவரைப் பூசிக்கொண்டிருந்திருக்கிறார். அவரை யாரும் வெளியே எடுக்கவே இல்லை. பதினாலு வருடமாக அவர் எங்கேயும் போகவில்லை.

வரலாற்றுப் பக்கத்தைக் கலைச்செல்வன் பிறகு கேட்கவில்லை. ஆனால் நான் எழுதினேன். வரைபடத்தின் கீழ் மூலையில், கையெழுத்துக்கு மேலே. ஆபீசில் அதைப் பார்த்துவிட்டுத் தப்பாக டைப் ஆகியிருக்கிறது, திருத்து என்றார்கள். நான் திருத்தவில்லை. இப்படித்தான் இருக்கிறது:

கட்டியவர்: பொன்னாயி, விவசாயக் கூலித் தொழிலாளி.

தற்போது வசிப்பவர்: அவரே.